மொட்டை ரேம் இரண்டு

மார்ச் 3, செவ்வாய்

திருப்புளிக்கு,

அண்ணி எழுதுகிறேன். வீட்டில் கூப்பிடுகிற பட்டப்பெயரையே போட்டுவிட்டேன். நீ நன்றாகத்தான் இருப்பாய், அதனால் நலமா என்று கேட்கவில்லை. நானும் இருக்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுவேன், யாராவது ஒருத்தி கட் பண்ணிவிடுவோம். போன மாதம் இரண்டு தரம் அப்படித்தான் ஆனது. காகிதம் என்றால் நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ வாயை மூடிக்கொண்டுதானே இருக்க வேண்டும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள், எட்டாவதோடு நின்றவள். தாள் எல்லாம் உங்கள் அண்ணன் பிரிண்ட் போட்டுப் பிடிக்காமல் ஒதுக்கியது. பின்பக்கம் யார் வீட்டுக் குளியலறை பிளானோ இருக்கும். கண்டுகொள்ளாதே.

விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய கம்ப்யூட்டர் என்னைப் படாதபாடு படுத்துகிறது.

அவர் போனபிறகு நீ ஊருக்குக் கிளம்பின அன்று வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாயே, "அந்த மெஷினைத் தொடாதீங்க அண்ணி, எரிச்சிடுவீங்க. என்கிட்ட குடுத்துடுங்க" என்று. எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "உங்கண்ணன் இந்த வீட்ல உனக்குன்னு ஒண்ணும் வச்சிட்டுப் போகல" என்றேன். நான் சொன்னதை நான் திரும்ப வாங்கவில்லை. நீயும் வாங்க வேண்டாம். அதெல்லாம் அங்கேயே கிடக்கட்டும். இப்போது வேலை முக்கியம்.

அவர் கடைசியாகப் போட்டுக்கொண்டிருந்தது அந்த அடுக்குமாடிப் படம். இன்ஜினியர் கட்டப்போகிற கட்டடத்தைக் கட்டி முடித்த மாதிரியே காட்டுகிற படம். கேட்டைத் திறந்து உள்ளே போய், மாடிப்படி ஏறி, மூன்றாவது மாடி வீட்டுக்குள் நுழைந்து, பால்கனியில் நின்று வெளியே பார்க்கிற மாதிரி. வரைகிற வேலை எல்லாம் அவர் முடித்துவிட்டார். திரைச்சீலை, தொட்டிச்செடி, நாற்காலி இழுத்து வைப்பது எப்போதும் என் வேலை, அதையும் நான் முடித்துவிட்டேன். வேக வைப்பது மட்டும்தான் பாக்கி. அவர் அப்படித்தான் சொல்வார், "படம் வெந்துக்கிட்டிருக்கு, யாரும் ஸ்விட்ச தொடாதே" என்று. பட்டனை அழுத்திவிட்டால் மெஷின் நாள் கணக்கில் தானே ஓட்டி, படத்தைக் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்கமாட்டேன் என்கிறது. மாடிப்படி ஏறும்போது திரை நீலமாகி நின்றுபோகிறது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி மாடிப்படி. படியில் ஏதோ கோளாறு என்று நினைத்து, படிக்குப் போட்டிருந்த சிவப்புக் கல்லை வெள்ளைக் கல்லாக மாற்றினேன். அப்போதும் நின்றது. உங்கள் அண்ணனுக்கும் கடைசி நாட்களில் படியேறினால்தான் மூச்சு வாங்கியது. அதையும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் பத்துக்குள் படம் வேண்டும் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். இல்லையென்றால் வேறு ஆபீசுக்குக் கொடுத்துவிடுவார். நல்ல மனிதர்தான், "உங்களால முடியலன்னா சொல்லிடுங்கம்மா, தப்பில்ல" என்றார். அந்தத் தப்பில்லைதான் எனக்குத் தாங்கவில்லை. இந்தப் படம் என் கையால் போய்ச் சேர்ந்தால் அடுத்த வேலையும் இந்த வீட்டுக்கு வரும். சேராவிட்டால் அந்த முன்னறையைப் பூட்டிவிட்டு நான் வேறு எங்கேயாவது வேலை தேட வேண்டும்.

என்ன செய்யலாம் சொல். சொல்லமாட்டேன் என்றால் அதையும் எழுதிப் போடு.

அண்ணி


மார்ச் 9, திங்கள்

அண்ணிக்கு,

கடிதம் வந்தது. எங்கள் ஹாஸ்டல் வாட்ச்மேன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாருக்காவது உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார். கம்ப்யூட்டருக்கு என்று சொன்னேன். நம்பவில்லை.

நான் வேலை செய்கிற இடம் உங்களுக்குத் தெரியுமே. குளிர் அறை, வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர் மெஷின்கள், வெளியே லாக்கரில் போனை வைத்துவிட்டு, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உள்ளே போக வேண்டும். அங்கே எந்த மெஷினும் அட்டைப்பெட்டியில் எழுதிய வேகத்துக்கு மேல் ஒரு இம்மி ஓடாது. ஓட்டினால் என்னை வெளியே ஓட்டிவிடுவார்கள். அண்ணன் நேர் எதிர். ஒரு சாமான் வாங்கினால் அது எவ்வளவு ஓடும் என்று பார்க்கமாட்டார், எவ்வளவு விரட்டலாம் என்றுதான் பார்ப்பார். அந்த மெஷினில் ப்ராசசரையும் விரட்டியிருக்கிறார், ரேமையும் விரட்டியிருக்கிறார். ப்ராசசர் என்பது வேலை செய்கிற மூளை. ரேம் என்பது அது வேலை செய்யும்போது சாமான்களைப் பரப்பி வைத்துக்கொள்கிற மேடை. இரண்டில் எது தடுமாறினாலும் திரை நீலமாகும். இரண்டையும் சேர்த்து விரட்டிவிட்டால் எது தடுமாறியது என்று கடவுளுக்கும் தெரியாது. இதை அண்ணனிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். "நீ ஆமை ஓட்டுறவ, உனக்கு என்னடி தெரியும்" என்பார்.

ஒரு கேள்வி. எல்லாத் தரமும் மாடிப்படியில்தான் நிற்கிறதா? ஒரே இடத்தில் நின்றால் படத்தில் கோளாறு. இடம் மாறி மாறி நின்றால் மெஷினில் கோளாறு. யோசித்துச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும் கம்பெனிக்காரன் வைத்த வேகத்துக்கே திருப்பிவிடுங்கள். மெஷினை ஆன் செய்ததும் டெலிட் பட்டனை விடாமல் தட்டினால் பயாஸ் என்று ஒரு பக்கம் வரும். வேகங்களை எல்லாம் வைக்கிற இடம் அதுதான். அங்கே எஃப் ஐந்து பட்டனை அழுத்தி, ஆமாம் என்று சொல்லிவிட்டால் அண்ணன் செய்த கூத்தெல்லாம் போய்விடும். மெதுவாக ஓடும், ஆனால் ஓடும்.

நான் சொன்னதையும் நான் திரும்ப வாங்கவில்லை.

திருப்புளி


மார்ச் 13, வெள்ளி

திருப்புளிக்கு,

அவர் செய்த கூத்தெல்லாம் போய்விடும் என்று எவ்வளவு லேசாக எழுதிவிட்டாய்.

அது கூத்தாகவே இருக்கட்டும். எத்தனை சாயங்காலம் அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்து ஒரு எண்ணை ஏற்றுவார், ஓட்டிப் பார்ப்பார், நின்றால் ஒரு எண் இறக்குவார், மறுபடி ஓட்டுவார். நின்றுவிட்டால் திட்டுவார், ஓடினால் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். எனக்கு ஒன்றும் புரியாது. "சூப்பர்" என்பேன். "எது சூப்பர், சொல்லு பாப்போம்" என்பார். முழிப்பேன். அந்த எண்கள் எல்லாம் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து கண்டுபிடித்தது. அவருடைய சட்டையைத் துவைத்து மடித்து எடுத்து வைத்துவிட்டேன், கண்ணாடியை டப்பாவில் போட்டுவிட்டேன். அதெல்லாம் வெறும் சாமான். ஆன் செய்தால் அவர் வைத்த மாதிரியே ஓடுகிற ஒன்று இந்த வீட்டில் இது மட்டும்தான். எஃப் ஐந்தை நான் தொடமாட்டேன். வேறு வழி சொல்.

நீ கேட்டதற்குப் பதில். யோசித்துப் பார்த்தேன். ஒரு தரம் கேட்டிலேயே நின்றது. ஒரு தரம் மூன்றாவது மாடி வரை போய், வீட்டுக்குள் நுழைந்து, சமையலறைக் குழாய் கிட்டே நின்றது. மாடிப்படியில் நின்றதுதான் எனக்கு மனசில் தைத்திருக்கிறது, அதனால் அதை மட்டும் எழுதிவிட்டேன். ஆக, படி மேல் தப்பில்லை. சிவப்புக் கல்லையே திரும்பப் போட்டுவிட்டேன்.

பக்கத்துத் தெரு சர்வீஸ் கடைக்காரனையும் கூப்பிட்டுப் பார்த்தேன். வந்தான், பெட்டியின் பக்கக் கதவைத் திறந்தான், உள்ளே எரிகிற விளக்குகளைப் பார்த்தான். "இது யாரோ பெரிய கை பண்ண வேலைக்கா, நான் தொடல" என்று சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். உங்கள் அண்ணன் இதைக் கேட்டிருந்தால் ஒரு வாரம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்திருப்பார். நானும் கொஞ்ச நேரம் தூக்கிவிட்டுக்கொண்டுதான் இருந்தேன், சேலைக்குக் காலர் இல்லாவிட்டாலும்.

அண்ணி


மார்ச் 18, புதன்

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீசில் டீ குடிக்கிற பேன்ட்ரியில் உட்கார்ந்து படித்தேன். காலர் வந்த இடத்தில் சிரித்துவிட்டேன். அதற்கு முன்னால் சட்டை வந்த இடத்தில் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன், எழுதிவிட்டேன்.

சரி. லேசாகத்தான் எழுதிவிட்டேன். அழிக்க வேண்டாம். அந்தப் பயாஸ் பக்கத்திலேயே, இப்போது இருக்கிற எண்களை அப்படியே ஒரு பெயர் போட்டுச் சேமித்து வைக்க இடம் இருக்கிறது. மேலே வரிசையாக இருக்கிற தலைப்புகளில் 'டூல்' என்பதற்குள் போனால், ஒன்று முதல் எட்டு வரை காலிக் கட்டங்கள் இருக்கும். ஒரு கட்டத்தில் பெயர் கொடுத்து என்டர் தட்டுங்கள். அதற்கப்புறம் நீங்கள் என்ன செய்தாலும் அண்ணன் வைத்தது அந்தக் கட்டத்தில் பத்திரமாக இருக்கும். என்றைக்கு வேண்டுமானாலும் ஒரே தட்டில் திரும்பக் கொண்டுவரலாம். கவனம், பெட்டிக்குள் காசு மாதிரி இருக்கிற வட்டப் பேட்டரியை மட்டும் யார் சொன்னாலும் கழற்ற விடாதீர்கள், வைத்த எண்கள் போய்விடும்.

சேமித்த பிறகு, சேமித்த பிறகு மட்டும், எஃப் ஐந்து. படத்தை ஓட்டிப் பாருங்கள். படி தாண்டிவிட்டால் கோளாறு வேகத்தில்தான் என்று உறுதியாகிவிடும். அப்புறம் ஒவ்வொன்றாக ஏற்றலாம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தொட வேண்டும் அண்ணி. குழம்பில் உப்பையும் காரத்தையும் சேர்த்துக் கொட்டிவிட்டு எது அதிகம் என்று கேட்டால் எப்படிச் சொல்வது.

இன்னொன்று. கரன்டைப் பிடுங்கிவிட்டு, பக்கக் கதவைத் திறந்து, ரேம் எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். ப்ராசசர் மேல் இருக்கிற பெரிய காற்றாடிக்கு வலது பக்கம், நெட்டுக்குத்தலாக இரண்டு நிற்கும். அதன் மேல் ஒட்டியிருக்கிற எண் என்ன?

இடம் பத்தாததால் திட்டை அடுத்த கடிதத்துக்கு வைத்திருக்கிறேன்.

திருப்புளி


மார்ச் 23, திங்கள்

திருப்புளிக்கு,

காலிக் கட்டம் கண்டுபிடித்தேன். பெயர் கேட்டது. உங்கள் அண்ணன் பெயரை நான் வாயால் சொன்னதில்லை, கையால் எழுதவும் வரவில்லை. அவர் என்று போட்டேன். இங்கிலீஷில் நாலு எழுத்து, ஏ வி ஏ ஆர். என்டர் தட்டினேன். உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. சரியாக இருக்கிறதா என்று மெஷினை அணைத்து, திரும்ப ஆன் செய்து, டெலிட் தட்டி, போய்ப் பார்த்தேன். இருந்தது. மறுநாள் காலையிலும் பார்த்தேன். சிரிக்காதே.

அப்புறம் எஃப் ஐந்து. கண்ணை மூடிக்கொண்டுதான் அழுத்தினேன். ரேமுக்கு நேரே முப்பத்தாறு நூறு என்று இருந்தது இருபத்தாறு அறுபத்தாறு ஆகிவிட்டது. படத்தை ஓட்டினேன். கேட் தாண்டியது, படி தாண்டியது, வீட்டுக்குள் நுழைந்தது, குழாயைத் தாண்டியது. நிற்கவில்லை. ஆனால் எப்படித் தாண்டியது என்கிறாய், மாடியேறுவதற்குள் எனக்கே வயசாகிவிடும் போல இருந்தது. இந்த நடை நடந்தால் இன்ஜினியர் கேட்ட தேதிக்குப் பால்கனிக்குப் போய்ச் சேராது. அதனால் பாதியில் நிறுத்திவிட்டு அவருடைய கட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்து ஓட்டினேன். கேட்டிலேயே நின்றது. கேட்டைக்கூடத் திறக்கவில்லை.

நீ ரேம் இரண்டு நிற்கும் என்று எழுதியிருந்தாய். நாலு நிற்கிறது.

சொல்ல விட்டுவிட்டேன். அவர் போய்ப் பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு கூரியர் வந்தது, அவர் பெயருக்கு. அந்தப் பையன் "சார் இருக்காரா, கையெழுத்து போடணும்" என்றான். நானே போட்டேன். பிரித்தால் அதே மாதிரி இரண்டு பட்டை. பெட்டிக்குள் பார்த்தேன், ஏற்கனவே இருக்கிற இரண்டுக்கு நடுவிலும் பக்கத்திலும் காலி இடம் இருந்தது. அவர் வாங்கியது டப்பாவில் கிடப்பானேன் என்று நானே செருகிவிட்டேன். அவர் செய்வதைப் பார்த்திருக்கிறேன், இரண்டு முனையிலும் டக் டக் என்று சத்தம் வர வேண்டும், வந்தது. அன்றைக்கு எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா. அவர் பாதியில் விட்ட வேலை ஒன்றை முடித்துக் கொடுத்த மாதிரி. ஆனால் அதற்கப்புறம்தான் மெஷின் நிற்க ஆரம்பித்தது என்று இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

பழைய இரண்டுக்கும் சிவப்புத் தகடு போட்டு, மேலே சீப்புப் பல் மாதிரி இருக்கிறது. முப்பத்தாறு நூறு என்று எழுதியிருக்கிறது. புதுசு இரண்டும் மொட்டை. தகடு இல்லை, விளக்கு இல்லை, வெறும் பச்சைப் பலகை. இருபத்தாறு அறுபத்தாறு. இது நல்லதா மட்டமா? அவர் மட்டமானது வாங்கமாட்டாரே.

அண்ணி


மார்ச் 27, வெள்ளி

அண்ணிக்கு,

மட்டமில்லை அண்ணி. நிதானமானது. எங்கள் குளிர் அறையில் இருப்பதெல்லாம் அந்தப் பச்சை மொட்டைதான். வருஷக் கணக்காக நிற்காமல் ஓடும். ஆனால் அதை முப்பத்தாறு நூறுக்கு விரட்டினால் ஓடாது. நாலும் ஒரே மெஷினில் இருந்தால் நாலும் ஒரே வேகத்தில்தான் ஓட முடியும், அதனால் அந்த மொட்டையால் எவ்வளவு முடியுமோ அதுதான் எல்லாருக்கும். அண்ணன் வைத்த எண்ணில் தப்பில்லை. அது அந்தச் சீப்பு இரண்டுக்கு வைத்த எண். நீங்கள் நடுவே வேறு ஆளைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது இது. முதலில் அவர் என்ற கட்டத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ப்ராசசரை அண்ணன் வைத்த வேகத்திலேயே விட்டுவிடுங்கள். ஆமாம், நானேதான் எழுதுகிறேன், கையெழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரேம் வேகத்தை மட்டும் இருபத்தாறு அறுபத்தாறுக்கு இறக்குங்கள். படத்தை வேக வைப்பது ப்ராசசர்தான். எஃப் ஐந்து அதையும் சேர்த்து இறக்கியதால்தான் அன்றைக்கு ஆமை ஆனது. ரேம் மெதுவாக இருந்தால் உங்களுக்குக் கொஞ்சம்தான் நேரம் கூடும்.

அந்தப் பச்சை இரண்டையும் கழற்றிவிட்டால் அண்ணன் வேகத்திலேயே ஓடுமே என்று உங்களுக்குத் தோன்றும். கழற்றாதீர்கள். இந்தக் கட்டடம் பெரியது. இரண்டு ரேமில் சாமான் பரப்ப இடம் பத்தாமல் திணறும். படம் முடிகிற வரைக்கும் நாலும் இருக்கட்டும்.

படம் முடிகிற வரைக்கும் என்று ஏன் சொல்கிறேன் என்றால்,

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு ஒரு ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

அண்ணனிடம் நான் கடைசியாகப் பேசியது ரேமைப் பற்றித்தான். என் ரூமில் இருக்கிறதே, அவர் எனக்குச் சேர்த்துக் கொடுத்த பழைய மெஷின், அது திணறுகிறது, இரண்டு ரேம் வாங்கி அனுப்புங்கள் என்று கேட்டேன். பெட்டியில் எழுதிய வேகத்தில் ஓடுகிற சாதா ரேம் போதும், உங்கள் சீப்பு எனக்கு வேண்டாம் என்றும் சொன்னேன். சிரியோ சிரி என்று சிரித்தார். "இருபத்தாறு அறுபத்தாறா? அதைக் கடையில கேட்டா என் மானம் போயிடும்டி. ஆமைக்கெல்லாம் நான் ரேம் வாங்கித் தரமாட்டேன், போ" என்றார். எனக்குக் கோபம். போனை வைத்துவிட்டேன். அவருக்கு உடம்பு அவ்வளவு முடியாமல் இருந்தது எனக்குத் தெரியாது. அப்புறம் பேசவே இல்லை.

நீங்கள் வாசலில் சொன்னீர்களே, எனக்கென்று ஒன்றும் வைத்துவிட்டுப் போகவில்லை என்று. எனக்கு ஏன் அவ்வளவு சுருக்கென்று தைத்தது என்று இப்போது புரிகிறதா. நான் கேட்டதும் அவர் மாட்டேன் என்றதும்தான் எனக்குக் கடைசியாக இருந்தது.

அண்ணன் ஆயுசில் மொட்டை ரேம் வாங்கியதில்லை அண்ணி. கடையில் மானத்தை விட்டுவிட்டு வாங்கியிருக்கிறார்.

படம் முடியட்டும்.

திருப்புளி


ஏப்ரல் 9, வியாழன்

திருப்புளிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் முதல் வேலையாகப் பெட்டியைத் திறந்தேன், கழற்றி உனக்கு அனுப்பிவிட. கை ரேம் வரைக்கும் போய்விட்டது. அப்புறம்தான் கழற்றாதீர்கள் என்று நீ எழுதியிருந்த பக்கத்தை மறுபடி படித்தேன். கதவை மூடிவிட்டுத் தரையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வந்தது என்று நினைத்துத்தானே அத்தனை நிம்மதியாகச் செருகினேன். உனக்கு வந்ததை என் வீட்டில் வைத்து ஓட்டிக்கொண்டு, உனக்கு ஒன்றுமில்லை என்றும் சொல்லியிருக்கிறேன். அந்த வார்த்தையை நான் திரும்ப வாங்கிக்கொண்டேன். இந்தத் தாளிலேயே வாங்கிக்கொண்டேன் என்று வைத்துக்கொள்.

ரேமை நீ சொன்னபடி இறக்கினேன். முதலில் இறக்கவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் முப்பத்தாறில் ஓட்டியதை நான் இருபத்தாறில் ஓட்டினால் அவர் என்ன நினைப்பார் என்று தோன்றியது. நடுவில் முப்பத்திரண்டு நூறு என்று ஒன்று இருந்ததா, அதை வைத்து, பக்கத்து எண் ஒன்றையும் கூடவே இறக்கிப் பார்த்தேன். திரை கறுப்பாகிவிட்டது. காற்றாடி சுற்றுகிறது, படம் இல்லை. அணைந்தது, தானாக வந்தது, மறுபடி அணைந்தது. எரித்துவிட்டேன் என்றே முடிவு பண்ணிவிட்டேன். நீ வாசலில் சொன்னது காதில் மணியடிக்கிறது. உன்னிடம் என்ன சொல்வது என்றுகூட அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அப்புறம் அதுவே கோபித்துக்கொண்டு போன ஆள் மாதிரி நாலாவது தரம் திரும்பி வந்து, வேகம் சரியில்லை, மாற்று என்று எழுதிக் காட்டியது. பக்கத்து எண்ணைப் பழையபடி வைத்து, வேகத்தை மாற்றினேன். இருபத்தாறு அறுபத்தாறு. அதற்கப்புறம் நான் எதையும் தொடவில்லை.

ஓடியது. கேட், படி, வீடு, குழாய். பால்கனிக்கு வந்து நின்றபோது நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். முடிந்தால் ஒரு மணிச் சத்தம் வரும், அவர் வைத்தது. ஈரத்துணியோடு ஓடி வந்தேன். வெளியே மரம், சாலை, வெயில் எல்லாம் தெரிந்தது. கூப்பிட்டுக் காட்ட யாருமில்லை. "சூப்பர்" என்று நானே சொல்லிக்கொண்டேன். இந்தத் தரம் எது சூப்பர் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இன்ஜினியர் நேற்று வந்து பார்த்தார். மூன்றாவது மாடி வீட்டு வாசலில் படத்தை நிறுத்தச் சொல்லி, "இது யாரோட செருப்பும்மா?" என்றார். உனக்குச் சொல்லவில்லையே, கடைசி முறை ஓட்டுவதற்கு முன்னால் அந்த வாசலில் ஒரு ஜோடிப் பெண்கள் செருப்பு இழுத்து வைத்தேன். உங்கள் அண்ணன் வீட்டை எப்போதும் ஆளில்லாமல் வெறிச்சென்றுதான் வைப்பார். எனக்கு அது பிடிக்காது. "யாரோ வந்திருக்காங்க சார், உள்ள பேசிட்டிருக்காங்க" என்றேன். எடுத்துவிடச் சொல்வார் என்று நினைத்தேன். "இருக்கட்டும், வீடு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்கான தாளைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். ஒரு பள்ளிக்கூடம். ஒரே மாடிதான். வரைகிறதுக்கு அவருடைய ஆபீசிலிருந்தே ஒரு பெண் வருவாள், மற்றதெல்லாம் நான்.

கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிற உங்கள் அண்ணனுடைய சக்கரம் வைத்த நாற்காலியில் இப்போது நான்தான் உட்காருகிறேன். இத்தனை நாளும் ஸ்டூலில்தான் இருந்தேன். கால் எட்டவில்லை, பக்கத்தில் இருக்கிற கம்பியைத் தூக்கினால் புஸ்ஸென்று இறங்குகிறது, என் உயரத்துக்கு இறக்கிக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் சின்னது, அதற்கு இரண்டு ரேம் போதும் என்று நானே முடிவு செய்துவிட்டேன். பச்சை இரண்டையும் கழற்றி, வந்த டப்பாவிலேயே போட்டு வைத்திருக்கிறேன். அவர் கட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்து ஆன் செய்தேன். முப்பத்தாறு நூறு. வெந்து முடிந்த படத்தைப் போட்டேன், கேட்டைத் திறந்து ஒரே மூச்சில் மாடிக்கு ஏறிவிட்டது.

டப்பாவைக் கூரியரில் போடமாட்டேன். கூரியர் கையெழுத்து ஒருதரம் போட்டதே போதும். வந்து வாங்கிக்கொண்டு போ. உன் ஆமையையும் தூக்கிக்கொண்டு வா, இங்கேயே செருகிக்கொள்ளலாம். ஒரு திட்டு பாக்கி வைத்திருந்தாயே, அதையும் நேரில் திட்டிவிடு.

அண்ணி


ஏப்ரல் 13, திங்கள்

அண்ணிக்கு,

லீவு சொல்லிவிட்டேன். டீம் லீடர் என்ன காரணம் என்று கேட்டார். அண்ணன் ரேம் வாங்கி வைத்திருக்கிறார், போய் எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்றேன். அவருக்குப் புரியவில்லை. சரி போ என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் வந்துவிடுவேன். ஆமையைத் துணியில் சுற்றிக் கட்டிவிட்டேன். பஸ்ஸில் மடியில்தான் வைத்துக்கொண்டு வருவேன்.

முப்பத்திரண்டு நூறு வைத்தது நல்ல காரியம் இல்லை. வந்து திட்டுகிறேன். ஆனால் கறுப்புத் திரையைப் பார்த்துவிட்டு மெஷினை உதைக்காமல் நாலாவது தரம் வரைக்கும் உட்கார்ந்திருந்தீர்களே, எங்கள் அறையில் பாதிப் பேருக்கு அந்தப் பொறுமை கிடையாது.

நான் வருகிற வரைக்கும் அந்த மெஷினைத் தொடாதீங்க அண்ணி.

இல்லை, தொடுங்க.

திருப்புளி